காற்றுக் கசியும் சக்கரம்: அலுமினிய அரிப்பும் அதன் பரிகாரமும்

மோட்டார்ச் சைக்கிளொன்றின் முழுப் பாரமும், அதில் ஏறிச் செல்வோரின் பாதுகாப்பும், நிலத்தைத் தொட்டு நிற்கும் உள்ளங்கையளவான இரண்டு இரப்பர்ப் பரப்புகளிலேயே தங்கியுள்ளன. அப்பரப்புகள் உருக்குலையாது நிற்பது ரயரினுள் அடைபட்ட காற்றின் அமுக்கத்தினாலாகும். ஆதலின் அக்காற்று சிறிது சிறிதாகக் குறைந்து செல்வது வெறுந் தொல்லையன்று. வளைவிலே சாயும்போதும், தடுப்பை அழுத்தும்போதும் உயிருக்கே ஊறு விளைக்கத்தக்க குறைபாடாகும்.

மாலையில் நிரப்பிய காற்று மறுநாட் காலையிற் குறைந்திருக்குமாயின், பெரும்பாலோர் முதலில் ஆணியையே தேடுவர். ஆணி அகப்படாவிடின் வால்வை மாற்றுவர். அதனாலும் பயனின்றேல் புதிய ரயரை வாங்கிப் பூட்டுவர். புதிய ரயரிலும் காற்று முன்போலவே இறங்கும்போதுதான், குற்றம் இரப்பரிலன்றி உலோகத்தில் இருத்தல் கூடுமென்ற எண்ணம் தோன்றும். அலுமினியக் கலப்புலோகச் சக்கரங்கள் அரிப்புற்றுக் காற்றைக் கசியவிடும் இந்நிலை எவ்வாறு உண்டாகிறது, அதனை எவ்வாறு கண்டறிதல் வேண்டும், முறையான பரிகாரம் யாது என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரியூப் நீங்கிய வரலாறு

காற்றடைத்த ரயருக்கு முதன்முதலிற் காப்புரிமை பெற்றவர் ஸ்கொத்துலாந்தினரான றொபேட் வில்லியம் தொம்சன் என்பவர். 1845 ஆம் ஆண்டில் அவர் பெற்ற உரிமை அக்காலத்திற் பெரும் பயன் தராது மறக்கப்பட்டது. பின்னர் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த யோன் பொயிட் டன்லொப், தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்கென அதனை மீண்டும் கண்டமைத்து 1888 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த ரயர் உலகெங்கும் பரவியது அதன் பின்னரேயாம். அக்காலந்தொட்டு நெடுங்காலமாக, காற்றைத் தாங்கும் வேலை ரியூபினுடையதாகவும், அந்த ரியூபைக் காக்கும் வேலை ரயரினுடையதாகவும் இருந்து வந்தன.

ரியூப் இல்லாத ரயரை அமெரிக்காவின் பி. எவ். குட்றிச் நிறுவனத்தார் உருவாக்கினர். அதற்கான காப்புரிமை 1952 ஆம் ஆண்டிற் கிடைத்தது. மோட்டார்க் கார்கள் அதனை விரைந்து ஏற்றுக்கொண்ட போதிலும், மோட்டார்ச் சைக்கிள்களுக்கு அது உடனே பொருந்தவில்லை. கம்பிச் சக்கரத்தின் றிம்மில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு துளை உண்டு. துளைகள் நிறைந்த றிம் காற்றைத் தாங்காது. 1970 களில் அலுமினியக் கலப்புலோகத்தை வார்த்துச் செய்த சக்கரங்கள் பரவிய பின்னரே இத்தடை நீங்கியது. தொழிற்சாலையிலேயே ரியூப் இல்லாத ரயர்கள் பூட்டப்பட்டு வெளிவந்த முதல் மோட்டார்ச் சைக்கிளாக, 1978 ஆம் ஆண்டின் ஹொண்டா சீ.எக்ஸ். 500 கருதப்படுகின்றது.

இம்மாற்றத்தின் நன்மை பெரிது. ஆணி தைத்த ரியூபிலிருந்து காற்று கணத்தில் வெளியேறிவிடும். ரியூப் இல்லாத ரயரிலோ ஆணியே துளையை அடைத்து நிற்க, காற்று மெல்லவே இறங்கும். ஆயினும் நன்மையோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. ரியூப் செய்த வேலையிற் பாதி இப்போது றிம்மின் உலோகப் பரப்பைச் சார்ந்துவிட்டது. முன்னாளில் றிம்மிற் கறள் பிடித்தால் அழகு கெட்டதேயன்றிக் காற்றுப் போகவில்லை. இந்நாளில் றிம்மின் அரிப்பே காற்றின் வாயிலாகிறது.

காற்று அடைபடும் இடம்

ரயரின் உள்ளோரங்கள் இரண்டிலும் உருக்குக் கம்பிகள் பொதிந்த தடித்த விளிம்புகள் உண்டு. இவ்விளிம்புக்குப் பீட் என்னும் பெயர் வழங்குகின்றது. காற்றின் அமுக்கம் பீட்டை வெளிநோக்கித் தள்ளி, றிம்மிற் சிறு சரிவோடு அமைந்த இருப்பிடத்தில் இறுக அமர்த்துகிறது. பசையோ ஆணியோ இன்றி, மென்மையான இரப்பர் ஒப்புரவான உலோகத்தின்மேல் அழுந்துவதனாலேயே காற்று அடைபடுகின்றது. ஆகவே அவ்விருப்பிடம் சீராயிருத்தல் இன்றியமையாதது. மயிரிழையளவு மேடோ பள்ளமோ அங்கே உண்டாகுமாயின், இரப்பர் அதனை முற்றும் நிரப்ப இயலாமற் போகும். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்திலுள்ள காற்று அவ்விடைவெளியால் ஓயாது வெளியேறும்.

காவலனே பகைவனாதல்

இரும்பு கறள் பிடிக்கும், அலுமினியம் பிடியாது என்பது பொதுவாக நிலவும் நம்பிக்கை. உண்மையில் அலுமினியம் இரும்பினும் பார்க்க ஒட்சிசனோடு விரைந்து கூடும் இயல்பினது. புதிதாக வெட்டிய அலுமினியப் பரப்பு காற்றுப் பட்ட கணத்திலேயே சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படையாற் போர்த்தப்படுகின்றது. அப்படை தான் தோன்றிய உலோகத்தின் கனவளவினும் 1.28 மடங்கே ஆதலின், வெடிக்காமலும் உதிராமலும் உலோகத்தோடு ஒட்டி நின்று, மேலும் ஒட்சிசன் உட்புகாது தடுக்கின்றது. அலுமினியத்தின் நெடுவாழ்வு இம்மெல்லிய போர்வையினாலாயது.

இப்போர்வைக்குப் பகை இரண்டு. ஒன்று வன்மையான அமிலமும் காரமும். பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4 இற்கும் 9 இற்கும் இடைப்பட்ட நீரில் நிலைத்து நிற்கும் ஒட்சைட்டுப் படை, அவ்வெல்லைகளைக் கடந்தவிடத்துக் கரைந்துபோகும். மற்றொன்று உப்பிலுள்ள குளோரைட்டு அயன். இது படையின் நலிந்த இடங்களை ஊடுருவி, ஊசிமுனை போன்ற குழிகளைத் தோற்றுவிக்கிறது. குழியினுள்ளே உலோகம் கரைந்து, நீரோடு கூடி, அலுமினியமைதரொட்சைட்டு என்னும் வெண்ணிறத் தூளாக மாறுகின்றது.

இங்கே கனவளவைக் கணக்கிடுதல் பயன் தரும். 27 கிராம் அலுமினியத்தின் கனவளவு 10 கன சென்ரிமீற்றர். அதிலிருந்து உண்டாகும் 78 கிராம் அலுமினியமைதரொட்சைட்டின் கனவளவோ ஏறத்தாழ 32 கன சென்ரிமீற்றர். அஃதாவது, அரிக்கப்பட்ட உலோகம் தான் முன்பு கொண்டிருந்த இடத்தைப்போல் மும்மடங்கு இடத்தை வேண்டி நிற்கின்றது. பூச்சின் கீழே இவ்வாறு வீங்கும் பொருள் ஆப்புப் போலத் தொழிற்பட்டுப் பூச்சை உலோகத்தினின்றும் பெயர்க்கிறது. பெயர்ந்த இடத்தில் நீர் புகுகிறது. புகுந்த நீர் மேலும் அரிக்கின்றது. சில வேளைகளிற் பூச்சின் கீழே நூலிழைபோல் நெளிந்து செல்லும் தடங்களாக இவ்வரிப்புப் பரவும். கலப்புலோகச் சக்கரங்களின் ஓரங்களிற் புழு ஊர்ந்தாற்போலக் காணப்படும் கோடுகள் இவ்வகையினவே.

பீட்டுக்கும் றிம்மிற்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பிளவு இத்தொழிலுக்கு மிகவும் வாய்ப்பான இடமாகும். அதனுட் புகுந்த உப்புநீர் எளிதில் உலராது. அங்கிருந்த ஒட்சிசன் தீர்ந்தால் புதிதாக வந்து சேராது. ஒட்சிசன் குறைந்த உட்பகுதி அனோட்டாகவும், ஒட்சிசன் நிறைந்த வெளிப்பகுதி கதோட்டாகவும் அமைய, ஒரு சிறு மின்கலம் உருவாகின்றது. குளோரைட்டு அயன்கள் உள்நோக்கிக் கவரப்பட, உள்ளேயுள்ள நீர் அமிலத்தன்மை அடைகின்றது. வெளியே கழுவித் துடைத்துப் பளிச்சிடும் சக்கரம் உள்ளே அரிபட்டுக்கொண்டிருத்தற்குக் காரணம் இதுவேயாம்.

வேற்றுலோகங்களின் சேர்க்கையும் இவ்வரிப்பை விரைவுபடுத்தும். நியம மின்வாயழுத்தம் அலுமினியத்துக்கு –1.66 உவோற்று, இரும்புக்கு –0.44, செம்புக்கு +0.34. உப்புநீரின் முன்னிலையில் இவை ஒன்றையொன்று தொடுமாயின், அலுமினியமே அனோட்டாகித் தன்னை இழக்கும். றிம்மின் ஓரத்திற் செருகப்பட்ட உருக்குச் சமனிலை நிறைகளின் அடியிலும், பித்தளை வால்வின் சுரையைச் சுற்றியும் அரிப்பு முதலிலே தோன்றுதல் இதனாலாகும்.

உப்பு வரும் வழிகள்

மேற்கூறிய தீங்குகளுக்கெல்லாம் மூலம் உப்பு. பிரித்தானியாவில் அது பனிக்காலத்தில் வருகிறது. வீதிகளில் நீர் உறையாதிருக்குமாறு, செசயர் மாவட்டத்து வின்ஸ்போட் சுரங்கம் முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் பாறையுப்பை அங்கு வீதியெங்கும் தூவுவர். அந்நாட்டில் மாரி முழுவதும் ஓடிய மோட்டார்ச் சைக்கிள்களின் சக்கரங்கள் சில ஆண்டுகளிலேயே காற்றுக் கசியத் தொடங்குதல் பலரும் அறிந்ததொன்று.

இலங்கையின் வடபுலத்திற் பனியுமில்லை, வீதியில் உப்புத் தூவுவாருமில்லை. ஆயினும் உப்புக்குக் குறைவில்லை. கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரின் நுண்டுளிகளைக் காற்று கரையோரமெங்கும் ஏந்தி வருகின்றது. பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், ஆனையிறவு ஆகிய வழிகளில் நாடோறும் சென்று வருவோர் இருபுறமும் உவர்நீரைக் கண்டே செல்கின்றனர். மேலும், சோடியங்குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைக் கடந்ததும் நீரை ஈர்த்துத் தானே கரையும் இயல்பினது. கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங்குளோரைட்டோ 33 வீதத்திலேயே அவ்வாறு செய்யும். ஆகவே மழையின்றியும், ஒதுக்கிடத்தில் நிறுத்தி வைத்த நிலையிலும், இரவுக் காற்றின் ஈரத்தாலேயே அரிப்பு நடைபெறும்.

இவ்வறிவு இலங்கையர்க்கு அண்மைக் காலத்தில் மிகவும் வேண்டப்பட்டதாயிற்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அக்கட்டுப்பாடு பெருமளவிற் தளர்ந்தது. அவ்விடைக்காலத்திற் பழைய மோட்டார்ச் சைக்கிள்களையே பேணிக் காத்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அவற்றின் சக்கரங்கள் இன்னும் வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

குற்றத்தைக் கண்டறிதல்

காற்றுக் குறைவதெல்லாம் அரிப்பினால் ஆகாது. குற்றமற்ற ரயரிலும் இரப்பரினூடாக மாதமொன்றுக்கு 1 முதல் 2 இறாத்தல் வரையில் அமுக்கம் குறைதல் இயல்பே. வெப்பநிலை 5 அல்லது 6 பாகை செல்சியசு தாழ்ந்தாலும் ஏறத்தாழ 1 இறாத்தல் குறையும். ஆதலின், ஓட்டத்திற்கு முன் ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், ஒரே அளவுமானியால், சில நாட்கள் தொடர்ந்து அளந்து குறித்துக் கொள்ளுதல் முதற்படியாகும். கிழமைக்குள்ளேயே பல இறாத்தல் குறையுமாயின் கசிவு உண்டென்பது துணிபு.

அடுத்து, ஐயங்களை முறையே நீக்குதல் வேண்டும். சவர்க்கார நீரைத் தூரிகையால் முதலில் வால்வின் வாயிலும், பின் அதன் அடியிலும், பின் ரயரின் மிதிபரப்பு முழுவதிலும் பூசி நோக்குக. அங்கெல்லாம் குமிழி எழாவிடின், சக்கரத்தைக் கழற்றிக் கிடையாக வைத்து, ரயரும் றிம்மும் சந்திக்கும் வளையத்திற் சவர்க்கார நீரை ஊற்றிப் பத்து நிமிடம் வரை காத்திருத்தல் வேண்டும். பின் மறுபுறத்தையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். ஆணித்துளையிற் குமிழிகள் ஓரிடத்திலே விரைந்தெழும். அரிபட்ட இருப்பிடத்திலோ நுண்ணிய வெண்ணுரை மெல்லமெல்ல ஓரத்தில் நீண்டு பரவும். றிம்மின் ஓரத்திலே பூச்சுக் கொப்புளித்திருத்தலும், வெண்டூள் படிந்திருத்தலும் இம்முடிவை வலியுறுத்துவன. குமிழி றிம்மின் நடுப்பகுதியிலிருந்தோ ஆரைகளின் அடியிலிருந்தோ எழுமாயின், அது வெடிப்பின் அறிகுறி. அச்சக்கரத்தை மேலும் ஓட்டுதல் ஆகாது.

பரிகாரம் செய்யும் முறை

பரிகாரத்தின் சாரம் ஒரு வாக்கியத்தில் அடங்கும்: அரிப்பு முற்றாக நீங்கி நல்ல உலோகம் தோன்றுமட்டும் சுத்தஞ் செய்து, அவ்வுலோகத்துக்கு மீண்டும் ஒரு போர்வை அளித்தல் வேண்டும்.

முதலாவதாக, வால்வின் உட்பகுதியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றுக. ரயர் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியைக் கவனித்து, வால்வு நின்ற இடத்தை ரயரிற் குறித்து வைக்க வேண்டும். பீட்டை அதற்குரிய அமுக்கியினால் இருப்பிடத்தினின்றும் இறக்குதல் வேண்டும். சுத்தியலால் அடித்தல் வார்ப்புலோகத்துக்குக் கேடு. நெம்புகோல்கள் றிம்மைத் தீண்டாதவாறு இடையே காப்புத்துண்டுகளை வைத்தல் அவசியம். முன்னொருகால் ரயர் மாற்றியபோது உண்டான நெம்புகோற் கீறலே இன்றைய அரிப்பின் தொடக்கமாயிருத்தல் பெரும்பான்மை.

இரண்டாவதாக, இருப்பிடத்தைச் சுற்றிலும் உதிரும் பூச்சையும் வெண்டூளையும் அகற்றுக. இதற்கு நைலோன் தேய்ப்புத் துணியும், நீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாளும் ஏற்றவை. 240 ஆம் இலக்கத் தாளிற் தொடங்கி, 400, 600 என நுண்மையான தாள்களுக்குச் செல்லுதல் முறை. உருக்குக் கம்பித் தூரிகையைப் பயன்படுத்தலாகாது. அதன் நுண்துகள்கள் அலுமினியத்திற் பதிந்து, முன்கூறிய மின்கலத்தைப் பல நூறு இடங்களில் உண்டாக்கும். எரிசோடாவைக் கரைத்துப் பூசுவதும் பெரும் பிழை; சோடியமைதரொட்சைட்டு அலுமினியத்தையே கரைத்து ஐதரசனை வெளிவிடும். தேய்க்கும்போது ஓரிடத்தை மட்டும் ஆழமாகத் தேய்த்துப் பள்ளமாக்காமல், வளையம் முழுவதும் ஒப்புரவாகச் செல்லுதல் வேண்டும். பழைய பூச்சு எஞ்சிய இடத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதவாறு சரிவாக்கப்படல் வேண்டும்.

மூன்றாவதாக, உப்பற்ற நன்னீரினாற் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய்ப்பசை நீங்கக் கரைப்பானாற் துடைத்து, அலுமினியத்துக்கென அமைந்த அடிப்பூச்சை அன்றே பூசுதல் வேண்டும். எப்பொட்சி வகை அடிப்பூச்சு இதற்கு ஏற்றது. அதன்மேல் மேற்பூச்சு மெல்லியதாகவே அமைக. தடித்த பூச்சு பீட்டின் இருப்பைக் கெடுக்கும். தேய்க்கும்போதும் பூசும்போதும் தூளும் ஆவியும் சுவாசத்திற் செல்லாதவாறு முகமூடி அணிதல் கடன். பூச்சு முற்றாக இறுகுமுன் அவசரப்பட்டு ரயரைப் பூட்டினால், இரப்பர் அதனோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது பூச்சையும் உரித்துவிடும்.

நான்காவதாக, ரயரின் பீட்டையும் நோக்குதல் வேண்டும். பழைய பூச்சின் துணுக்குகளும் வெண்டூளும் அதில் ஒட்டியிருக்குமாயின், சுத்தமான றிம்மிற் பூட்டியும் பயனில்லை. இரப்பர் வால்வைப் புதியதாக மாற்றுதல் நன்று. பூட்டும்போது ரயர்களுக்கென விற்கப்படும் பசையையே பூசுதல் வேண்டும். பாத்திரம் கழுவும் திரவங்கள் பலவற்றில் உப்புக் கலந்துள்ளமையால் அவை விலக்கத்தக்கன. காற்று நிரப்பும்போது பீட் ஓசையோடு தன் இருப்பில் அமரும். ரயரில் அல்லது அதன் கைந்நூலிற் குறித்த எல்லைக்கு மேல் அமுக்கத்தை உயர்த்தலாகாது. கைவிரல்கள் அருகில் இருத்தலுமாகாது. ரயரின் பக்கத்திலுள்ள வளையக்கோடு றிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் நிற்பின், பீட் சீராக அமர்ந்ததென்று கொள்ளலாம். இறுதியில் சவர்க்கார நீராற் திரும்பச் சோதித்து, சக்கரத்தின் சமனிலையையும் சரிபார்த்தல் வேண்டும்.

குறுக்கு வழிகள்

இத்துணை உழைப்பை அஞ்சிச் சிலர் குறுக்கு வழிகளை நாடுவர். வால்வினூடே அடைப்புத் திரவத்தைச் செலுத்துதல் அவற்றுள் ஒன்று. வழியில் அகப்பட்டோர் வீடு சேர்தற்கு அது உதவும். ஆனால் உள்ளே நீர்ப்பொருளாகவே தங்கிச் சமனிலையைக் கெடுப்பதோடு, சில வகைத் திரவங்கள் உலோகத்தையும் தாக்கும். பீட்டின் ஓரத்திற் பூசும் இரப்பர்ப் பசை இதனினும் நல்லது. சுத்தஞ் செய்த பரப்பில் எஞ்சிய சிறு குழிகளை அது நிரப்பும். எனினும், வெண்டூளின் மேலேயே அதனைப் பூசுவது அரிப்பை மூடி வளர்ப்பதேயாகும்.

மற்றொரு வழி, ரியூப் இல்லாத ரயரினுள்ளே ரியூபை இடுதல். இது கசிவை நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் ரயருக்கும் ரியூபுக்கும் இடையே உராய்வினால் வெப்பம் மிகும்; ஆணி தைத்தவுடன் காற்று திடீரெனப் போகும் பழைய ஆபத்தும் திரும்ப வரும். ரயர் செய்தோரின் அனுமதியின்றி இதனைச் செய்தல் தகாது. அன்றியும், கண்ணுக்கு மறைந்த றிம்மில் அரிப்பு தொடர்ந்து நடந்துகொண்டேயிருக்கும்.

கைவிட வேண்டிய சக்கரம்

எல்லாச் சக்கரங்களும் திருத்தத்தக்கன அல்ல. வெடிப்புக் காணப்படினும், றிம்மின் ஓரம் நெளிந்திருப்பினும், குழிகள் ஆழமாகி உலோகம் மெலிந்திருப்பினும், அச்சக்கரத்தைக் கைவிடுதலே அறிவுடைமை. ஆழ்ந்த குழியைப் பசையால் நிரப்பினால் காற்று நிற்கலாம். இழந்த பலம் மீளாது. வார்ப்புச் சக்கரத்தை ஒட்டுவேலை செய்து பயன்படுத்துவதும் அஞ்சத்தக்கது. அவ்வெப்பம் கலப்புலோகம் தொழிற்சாலையிற் பெற்ற உறுதியைக் குலைத்துவிடும். ஐயமுள்ளவிடத்து, அனுபவமுள்ள தொழிலாளரிடம் காட்டி முடிவு செய்தல் வேண்டும்.

வருமுன் காத்தல்

காற்றுக் கசிந்தபின் செய்யும் வேலையிலும், கசியாமற் காக்கும் வேலை எளிது. கடலோர வழியிலே சென்று வந்த சக்கரங்களை நன்னீரினாற் கழுவுதல் வேண்டும். வடபுலத்துக் கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பானது. அந்நீராற் கழுவுதல் உப்பை நீக்காது, உப்பைச் சேர்ப்பதாகவே முடியும். அத்தகைய இடங்களிற் சேமித்த மழைநீர் மிகவும் பயன்படும். ரயர் மாற்றுந்தோறும் இருப்பிடத்தை ஆராய்ந்து, சிறு கீறலையும் உடனே பூச்சினால் மூடுதல் வேண்டும். காற்று நிரப்பும் நிலையத்தார் தம் அமுக்கித் தாங்கியில் தேங்கும் நீரை நாடோறும் வடித்துவிடின், ரயரினுள்ளே ஈரம் புகுதல் குறையும்.

அலுமினியத்தைக் காக்கும் ஒட்சைட்டுப் படையும், அதனைப் பிளக்கும் வெண்டூளும் ஒரே உலோகத்தினின்று பிறப்பன. முன்னது மெல்லியதாய் ஒட்டி நின்று காக்கின்றது. பின்னது வீங்கிப் பெயர்த்துக் கெடுக்கின்றது. இரண்டுக்கும் இடையே நிற்பது சிறிதளவு உப்பும், நெடுநாளைய கவனக்குறைவுமேயாம். கசிவை மறைப்பது சில நாட்களுக்கு மட்டுமே உதவும். கசிவின் காரணத்தை உலோகத்திலே தேடிக் கண்டு களைவதே, ஏறிச் செல்வோரின் உயிருக்கும் பொருளுக்கும் நிலையான காப்பாகும்.